அமலம் கட்டிவிட்ட கை

காலை ஏழரை மணிக்குப் போன் வந்தது. அந்த நேரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவள் ஒருத்திதான். அவள் ஜீவனஹள்ளியை விட்டு அத்திபெலேவுக்குப் போய் ஐந்து மாதம் ஆகியும், ஏழரை ஆனால் என் இடது கை தானாக மேசைமேல் நீண்டுவிடும். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வலது கையால் போனை எடுத்தேன். அமலத்தின் மகள் ஸ்டெல்லா. "ஆன்ட்டி, அம்மா எழுந்திருக்கல ஆன்ட்டி" என்றாள். காபி கொண்டுபோய் எழுப்பியிருக்கிறாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் சொன்னாராம்.

"சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன். குனிந்து பார்த்தால் கை இன்னும் மேசைமேல் நீண்டே கிடக்கிறது.

வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் வீக்கப் பிரிவின் வாசலில், அந்த நீளப் பெஞ்சில் உட்காரும் நம் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்டர் இதற்கு லிம்ஃபெடீமா என்று பெயர் சொல்வார். நமக்கு வாயில் வருவது வீக்கம்தான். கட்டுக் கட்டக் கற்றுக்கொடுத்த சௌம்யா மேடம், "பாக்கியம்மா, நீங்கதான் அமலம்மாவுக்கு ரொம்ப கிட்ட. நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க, போர்டுல ஒட்டலாம்" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நிறுத்தியது யார் என்பதும் நினைவிருக்கிறது, அது இங்கே வேண்டாம். நான் எழுதியதைப் பேத்தி காவ்யா பிழை திருத்திப் படி எடுத்திருக்கிறாள்.

ஆனால் நல்லதாக நாலு வார்த்தை எழுதி இதை முடிக்க என்னால் ஆகாது. அமலத்தைப் பற்றி நான் உங்களிடம் ஒன்று சொல்லியிருந்தேன். அதில் பாதியைத்தான் சொன்னேன். அந்தப் பாதியைக் கேட்டு நீங்கள் அவளைப் பார்த்த பார்வையே மாறிப்போனது. மீதிப் பாதியைச் சொல்லாமல் அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட மாட்டேன். இடது கை அவ்வளவு உயரம் வரவும் வராது.

அவளை முதலில் பார்த்தது அந்தக் கட்டுக் கட்டும் அறையில். எனக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து, அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டதால் இடது கை தோளிலிருந்து விரல் நுனிவரை பொதபொதவென்று வீங்கியிருந்தது. காக்ஸ் டவுனில் நாலு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கையால் ஒரு குக்கரைத் தூக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பொம்பளை வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். கார்மென்ட்ஸில் இருபது வருடம் செக்கிங் பிரிவில் நின்றே வேலை செய்தவள். கர்ப்பப்பை ஆபரேஷனும், கரண்ட் என்று நாம் சொல்லும் ரேடியேஷனும் வைத்த பிறகு அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. சௌம்யா மேடம் இருவரையும் பார்த்து, "மனெயல்லி, வீட்ல யாராவது இருக்காங்களா அம்மா, டெய்லி கட்டி விட?" என்று கேட்டார். என் மகள் இறந்து வருஷங்கள் ஆகின்றன. அவள் விட்டுப்போன காவ்யாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கைக்குக் கட்டுவது எப்படி என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டில் சிரித்தது. "யக்கா, எனக்குக் குனிய வராது. உனக்கு ஒரு கை ஆவாது. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும். நீ எங்க இருக்க?"

"ஜீவனஹள்ளி."

"நானும் அங்கதான், மூணாவது கிராஸ். அப்ப முடிஞ்சுது. மேடம், எங்களுக்கு ஆள் இருக்கு, எழுதிக்கோங்க."

முழுப்பெயர் அமலோற்பவம். அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட இந்த ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை என்று அவளே அமலம் ஆக்கிக்கொண்டாள். வேளாங்கண்ணி மாதா படம் போட்ட ஒரு துணிப்பை எப்போதும் தோளில் தொங்கும். காலுக்கு இரண்டு விதமான செருப்பு போடுவாள். இடது காலுக்குப் பொம்பளைச் செருப்பு, ஐந்தாம் நம்பர். வீங்கிய வலது காலுக்கு ஆம்பளைச் செருப்பு, பத்தாம் நம்பர், வார் அறுத்து ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்தது. யாராவது உற்றுப் பார்த்தால், "புருஷனும் பொண்டாட்டியுமா கூட வராங்க. நெசப் புருஷன் இவ்ளோ தூரம் கூட நடந்ததில்ல" என்பாள். பார்த்தவர்கள் சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் போய்விடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை இருவரும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் காலைப் பார்த்துவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வியாதியோ என்று நினைத்து எழுந்து முன்னால் போய் நின்றாள். பச்சை நிறச் சுடிதார், காதில் பெரிய வளையம். இன்று பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அமலமோ, "நல்லதாப் போச்சு, டாக்டர் காலைத் தூக்கி வைக்கத்தான் சொன்னாரு" என்று காலியான இடத்தில் காலை நீட்டிக்கொண்டாள். கண்டக்டர் வந்து, "ஏனம்மா, காலு சீட் மேலே?" என்றார். காலும் என்னுடையதுதான், அதற்கும் டிக்கெட் வேண்டுமா என்று கன்னடத்திலேயே திருப்பிக் கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. அன்று இறங்கும்போது அவள் என்னிடம் சொன்னது: "வீங்கினது காலுதான் யக்கா. நான் வீங்கல." இதை அவள் பலமுறை சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

தினமும் ஏழரைக்கு வருவாள். கையைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் பார்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, முதலில் மெல்லிய குழாய்த் துணியை மாட்டி, அதன்மேல் பஞ்சு சுற்றி, பிறகு ஒவ்வொரு விரலாக மெல்லிய கட்டு, கடைசியில் புறங்கையிலிருந்து அக்குள்வரை அகலக் கட்டு. அது முடிந்ததும் நான் கீழே பாய் போட்டு உட்கார்ந்து அவள் காலைக் கட்டுவேன். கட்டிய கை மடங்காது, விரல் நுனி மட்டும்தான் வெளியே இருக்கும். அதனால் அவள் காலுக்கு நான் சுற்றச் சுற்ற, மேலேயிருந்து அவள் சுருளைப் பிடித்துக் கொடுப்பாள். எல்லாம் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆரம்பத்தில் கட்டு நழுவக் கூடாதென்று நான் தொடையில் இழுத்து இறுக்கிவிடுவேன். அவள் அதட்டுவாள். "விரல்கிட்ட இறுக்கு, மேல போகப் போக விடு. மேல இறுக்குனா தண்ணி கீழயே நின்னுடும். பிள்ளைங்கள வளக்குறதும் அப்படித்தான் யக்கா. மொதல்ல இறுக்கணும், வளர வளர விடணும். நீ தலைகீழாப் பண்ணியிருப்ப."

கட்டுத் துணிகளை மாலையில் அலசி நிழலில் பரப்பிக் காயவைத்துச் சுருட்ட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் இழுவை போய்விடும். அவள் சுருட்டினால் சுருள் கல் மாதிரி இருக்கும், மேசையில் நிறுத்தினால் நிற்கும். நான் சுருட்டியதைக் கையில் எடுத்து, "இது பேண்டேஜா, முறுக்கா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே பிரித்து மறுபடி சுருட்டுவாள்.

இப்படி மூன்று வருடம் போனது. அதன் பிறகு நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

காவ்யாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. அடுகோடியில் சம்பந்தி வீட்டு மொட்டைமாடியில் ஷாமியானா போட்டுச் செய்தார்கள். எனக்கு மார்பில் வந்த வியாதியைச் சம்பந்தி வீட்டில் சொல்லவில்லை. இது ரத்தவழியில் வருமோ என்று ஒரு கேள்வி வந்தால், அதைத் தாங்கவேண்டியவள் காவ்யா. ஆகவே சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். அமலத்துக்கும் அது தெரியும். அன்று மட்டும் கட்டு வேண்டாம் என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, முழுக்கை ரவிக்கை போட்டு, முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். அவளையும் அழைத்திருந்தேன். மாடி ஏற முடியாமல் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறி வந்தாள்.

எங்கள் வீட்டார் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். புருஷன் போனவளுக்குச் சபையில் இடமில்லை என்ற பேச்சு எங்களிடம் கிடையாது, சம்பந்தி வீட்டிலும் கிடையாது. காவ்யாவுக்கு வளையல் போட்ட பிறகு வளையல்காரர் வந்த பெண்கள் எல்லாருக்கும் போட்டார். எனக்கு வலது கைக்குப் போட்டு முடிந்ததும் எழப் பார்த்தேன். சம்பந்தியம்மா என் இடது கையைப் பிடித்து இழுத்தார். "என்ன பெரியம்மா, ஒரு கை மூளியா? கொள்ளுப்பேரன் வரப்போறான், ரெண்டு கைக்கும் போடுங்க."

பின்னாலிருந்து ஒரு சத்தம். வாயில் லட்டை வைத்துக்கொண்டு அமலம். "அந்தக் கை வேணாம்! யம்மா, அந்தக் கைக்குப் போடாதீங்க!"

"ஏன், இந்தக் கைக்கு என்ன?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"ஆபரேஷன் பண்ண கைமா. ஒரு கீறல்கூடப் படக் கூடாது."

"கையில என்ன ஆபரேஷன்?"

அமலம் என்னைப் பார்த்தாள். பொய் வராத வாய் அது. "கையில இல்லம்மா. மார்ல" என்றாள்.

காவ்யா தலை குனிந்துகொண்டாள். அவள் கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இதுவரை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அமலம் சபையில் என் மானத்தை வாங்கினாள் என்று சொன்னேன். அதை இன்றும் சொல்வேன். சத்தம் போடாமல் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்திருக்கலாம். மாடி ஏறிய காலால் அவ்வளவு வேகமாக எழுந்து வர முடிந்திருக்காதுதான். ஆனாலும் அதை நான் மன்னிக்கவில்லை. செத்துவிட்டாள் என்பதற்காக மன்னித்ததாக எழுதினால் அவளே சிரிப்பாள்.

சொல்லாமல் விட்ட பாதி இதுதான். நான் எல்லாரையும் பார்த்துச் சிரித்து, "அவளுக்கு வேற யாரோ நெனப்பு, உளர்றா. எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க போடுங்கப்பா" என்று இடது கையை நானே வளையல்காரரிடம் நீட்டினேன். அவர் தயங்கினார். "கை பெருசா இருக்கே தாயி" என்றார். "போடுங்க" என்றேன். சோப்புத் தண்ணீர் தடவி, விரல்களைக் குவித்து, பச்சைக் கண்ணாடி வளையலை ஏற்றினார். இரண்டு ஏறின. மூன்றாவது கட்டைவிரல் மூட்டில் உடைந்து குத்தியது. ஒரு பொட்டு ரத்தம். முந்தானையால் துடைத்துக்கொண்டு, வலிக்கவே இல்லை என்று சிரித்தேன். அமலம் அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் ஏன் அழுகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் குளிர் தூக்கிப்போட்டது. வளையல் குத்திய இடத்தில் கிருமி ஏறி, கை செங்கல் நிறத்தில் சிவந்து கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் ஊசிமருந்து ஏற்றினார்கள். மூன்று வருடம் அமலம் கட்டிக் கட்டி இறக்கியிருந்த வீக்கம் முழுவதும் திரும்பி வந்தது, அதற்கு மேலும் வந்தது. அவள் தினமும் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நீங்கள் எல்லாரும் எப்படி ஆயிற்று என்று கேட்டீர்கள். கொசு கடித்தது என்றேன். சௌம்யா மேடம் அன்று அரை மணி நேரம் கொசுவைப் பற்றிப் பாடம் எடுத்தார். நீங்களெல்லாம் போகிற வழியில் கொசுவத்தியும் மட்டையும் வாங்கிப் போனீர்கள். மரகதம் வலையே வாங்கினாள். அமலம் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஷாமியானாவுக்குள் ஒரு நொடி வாயை அடக்கத் தெரியாதவள், அன்று அந்தப் பெஞ்சில் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

நான் அதோடு விடவில்லை. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான்தான். "அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்கம்மா, ஊர் பூரா ஒலிபரப்பாயிடும்" என்று சொன்னேன். நமக்கெல்லாம் வீட்டில் மறைக்க ஏதாவது இருக்கும் அல்லவா, பயந்துவிட்டீர்கள். அவள் வந்தால் பேச்சை நிறுத்தினீர்கள். அவள் பெஞ்சின் ஓரத்தில், தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில், தனியாக உட்கார ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் அளவு காலி இடம் எப்போதும் இருந்தது. பஸ்ஸில் பச்சைச் சுடிதார்க்காரி விட்ட இடத்தைவிட அது அதிகம். அந்த இடத்தில் அவள் காலை நீட்டி வைக்கவில்லை. அதையும் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாள் ஏழரைக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். ஒன்றும் பேசாமல் மேசையில் கையை வைத்தேன். ஒன்றும் பேசாமல் கட்டினாள். பிறகு நான் பாய் போட்டு உட்கார்ந்து அவள் காலைக் கட்டினேன். பதினொரு மாதம் அப்படியே போனது. பேச்சு நின்றது, கட்டு நிற்கவில்லை.

பேசாமல் இருப்பது எனக்கு எளிது. அவளுக்கு ஆகாது. ஒரு வாரம் பல்லைக் கடித்துப் பார்த்தாள். பிறகு என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் புத்தர் படத்திடம் பேச ஆரம்பித்தாள். "ஐயா, இந்தப் பொம்பள ராத்திரி கையத் தொங்கப் போட்டுத் தூங்கியிருக்கு. தலகாணி வெச்சுக்கச் சொல்லுங்க." "ஐயா, இந்த வீட்ல முன்னெல்லாம் காபி குடுப்பாங்க. இப்ப வழக்கம் மாறிடுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க." நான் காபி போட்டு, அவளிடம் தராமல் படத்துக்குக் கீழே வைத்தேன். "ஐயா குடிக்க மாட்டாரு, பிரசாதமா நான் எடுத்துக்கிறேன்" என்று எடுத்துக் குடித்தாள். மாதா படம் போட்ட பையோடு உட்கார்ந்து புத்தரிடம் கோள் சொல்கிறவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராமல் இல்லை. சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

பிறகு அவளுக்கு நடக்க மூச்சு வாங்கியது. அத்திபெலேயில் இருக்கும் ஸ்டெல்லா தன்னோடு வந்துவிடச் சொன்னாள். போவதற்கு முந்தின வாரம் அமலம் தன் பழைய புடவையில் ஒரு பட்டை கிழித்து வந்து, என் வீட்டு ஜன்னல் கம்பியில் வளையமாக முடிச்சுப் போட்டாள். படத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஐயா, நல்லா பாத்துக்கோங்க. கட்டோட ஒரு முனைய உள்ளங்கையில பிடிச்சுக்கணும். இன்னொரு முனைய இந்த வளையத்துல துணிக் கிளிப்பு போட்டு மாட்டணும். சேஃப்டி பின் வேணாம், குத்தும். அப்புறம் கையத் திருப்பித் திருப்பி ஜன்னல் பக்கமா நடந்து போனா அதுவே சுத்திக்கும். ஆள் தேவையில்ல."

ஆள் தேவையில்லை என்றதும், கைகழுவிவிட்டுப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மாதக்கணக்கில் எந்த ஜன்னலில் எந்த உயரத்தில் கட்டலாம் என்று அவள் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததை அன்று நான் யோசிக்கவில்லை. நானும் படத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஐயா, இந்த வீட்டு ஜன்னல்ல யாரும் தொட்டில் கட்ட வேண்டாம்னு சொல்லுங்க." அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. பன்னிரண்டு சுருள்களை அலசிச் சுருட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அந்த முடிச்சை நான் தொடவில்லை. வியாழன் தவிர மற்ற நாட்களில் கை கட்டில்லாமலே கிடந்தது. வீங்கியது. சௌம்யா மேடம் டேப் வைத்து அளந்து தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமலம் போன் செய்வாள். நான் எடுப்பேன், பேச மாட்டேன், வைக்கவும் மாட்டேன். அவளே பேசுவாள். "யக்கா, கைய மேல வெச்சிருக்கியா? வெயில்ல போகாத. இங்க தண்ணி சரியில்ல. சரி, நீ மூச்சு விடுறது கேக்குது. வெச்சிடுறேன்." ஐந்து மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளும் இப்படியே போயின.

கடைசி ஞாயிறு அவள், "ஸ்டெல்லா கால் கட்டுறா யக்கா. பாவம், நல்லாத்தான் கட்டுறா. மேல மட்டும் இறுக்கிடுறா" என்றாள். எனக்கே தெரியாமல் வாய் திறந்தது.

"விரல்கிட்ட இறுக்கச் சொல்லு. மேல போகப் போக விடச் சொல்லு."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு, சிரிப்போடு இருமல். "அடிப்பாவி, வாய் இருக்கா உனக்கு! ஐயாகிட்ட சொல்லு, இந்தப் பொம்பளைக்கு வாய் வந்துடுச்சுன்னு!" நான் போனை வைத்துவிட்டேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த ஞாயிறுக்கு முன்னால் ஸ்டெல்லாவின் போன் வந்துவிட்டது.

பிஸ்கட் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு அத்திபெலே பஸ் ஏறினேன். எதற்கு அதை எடுத்தேன் என்று அப்போது தெரியாது. அங்கே பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை, இடது காலில் வெள்ளை சாக்ஸ், ஷூ. வலது காலுக்கு எதுவும் நுழையவில்லை. பெட்டி கொண்டுவந்தவர், துணியைப் போட்டு மூடிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் கால் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வயசான உறவுக்காரி, "செத்தவங்களுக்கு எதுக்கும்மா இது?" என்றாள். "ஒரு காலை மூடி, ஒரு காலை விட்டு அவ எங்கயும் போனதில்ல" என்றேன். ஸ்டெல்லா வந்து காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். விரலிலிருந்து தொடங்கினேன். கால் குளிர்ந்து கனத்தது. வீங்கிய கையால் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து விரல்கிட்ட இறுக்கினேன், மேலே போகப் போக விட்டேன். ஸ்டெல்லாவுக்கும் அப்போதுதான் சொல்லிக்கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே கற்றுக்கொண்டாள். பதினொரு சுருள் ஆனது. பிறகு வாசலிலிருந்து இரண்டு செருப்பையும், ஐந்தாம் நம்பரையும் பத்தாம் நம்பரையும், எடுத்து வரச் சொல்லி அவள் காலடியில் வைத்தேன். புருஷனும் பொண்டாட்டியும் கூடவே போனார்கள்.

உன்மேல் தப்பில்லை, கையை நீட்டியது நான்தான் என்று அவளிடம் அங்கேயும் சொல்லவில்லை. நாலு பேர் இருந்தார்கள். அவள் காதில் மட்டும் சொன்னால் போதாது என்றும் தோன்றியது. அவளைப் பற்றிப் பொல்லாப்பைச் சொன்னது அந்தப் பெஞ்சில்தான். ஆகவே மீதியைச் சொல்வதும் அங்கேதான் முறை. எழுதலாமா என்று காவ்யாவிடம் கேட்டேன். "எழுது பாட்டி. என் மாமியார் வீட்ல அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சு போச்சு. ஆறு மாசம் குத்திக் காட்டுனாங்க, இப்ப அவங்களே என்னை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றாள். இத்தனை நாள் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கவே இல்லியே" என்றாள்.

ஆகவே சொல்கிறேன். அன்று என்னைக் கடித்தது கொசு இல்லை. வளையலை நான்தான் போடச் சொன்னேன். அமலம் ரேடியோ இல்லை. நம் பெஞ்சில் இருந்த எல்லாரையும்விட ஒரு ரகசியத்தை அதிக நாள் காத்தவள் அவள்தான். அது என்னுடைய ரகசியம். அதைக் காத்ததற்கு அவள் கொடுத்த விலை அந்த ஓரத்து இடம்.

இனி வியாழக்கிழமைகளில் அந்த ஃபில்டர் பக்கத்து இடத்தில் நான் உட்காருவேன். நெருங்கி உட்காருவதும் தள்ளி உட்காருவதும் உங்கள் இஷ்டம். யார் எங்கே உட்கார்ந்தீர்கள் என்பது எனக்கு மறக்காது, அது உங்களுக்கே தெரியும்.

டப்பாவில் அவள் கையால் சுருட்டிய ஒரு சுருள் மீதம் இருந்தது. அதைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கை கனத்தது. சும்மா வைத்துப் பார்க்கவா அலசிச் சுருட்டினேன் என்று அவள் கேட்டிருப்பாள். நேற்று ஏழரைக்குப் பிரித்தேன். சாயங்காலம் அலசிக் காயவைத்து நானே சுருட்டினேன். மேசையில் நிறுத்தினால் நிற்கவில்லை. முறுக்குதான்.

என்னிடம் இருப்பது ஜன்னல் கம்பியில் அவள் போட்ட அந்த முடிச்சு. நல்ல இறுக்கம், இன்னும் தளரவில்லை. ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பி ஜன்னல் பக்கமாக நடக்கிறேன். அந்தப் பக்கத்தை யாரோ விடாமல் பிடித்திருப்பதுபோல் துணி விறைப்பாக நிற்கிறது. ஜன்னல்வரை போய்ப் பார்த்தால் கம்பிதான் இருக்கிறது.